பஃப்ஸ் கணக்கு

1974-ல் எழுத்தராக வேலையில் சேர்ந்த மாதத்திலிருந்து அன்றாடச் செலவை நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் வரவுக்கு 'ரெசெத்' என்றும் செலவுக்கு 'தெபான்ஸ்' என்றும் இன்றும் தலைப்புப் போடுகிறேன். "இதை யார் தணிக்கை பண்ண வரப் போறாங்க?" என்று என் மனைவி கேலி செய்வாள். 2011-ல் ஓய்வு பெற்ற பிறகும், 2019-ல் அவள் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. தணிக்கைக்கு யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த வருடம் ஆகஸ்டில் ஒருவர் வந்தார். அவர் என் பேரனைப் பார்த்த குழந்தைகள் டாக்டர்.

பேரனுக்கு 13 வயது. மகள் வயிற்றுப் பிள்ளை. மருமகனுக்குச் சென்னையில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். மகள் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. ஆக, பள்ளியிலிருந்து பையனை அழைத்து வருவது ஐந்து வருடமாக என் பொறுப்பு. மனைவி போன பிறகு என் நாளில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரே நேரம் அந்த மாலை நாலு மணிதான்.

அவன் கழுத்தின் பின்புறம் கொஞ்ச காலமாகக் கறுத்து வந்தது. அழுக்கு என்றே நினைத்தோம். "ஒழுங்கா தேய்ச்சுக் குளிடா" என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை மாவும் தயிரும் போட்டுத் தேய்ப்பாள். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். டாக்டர் அந்தக் கழுத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லைங்க. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அடையாளம்" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தேய்த்தால் போகாத ஒன்றை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை இத்தனை நாள் எங்களிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

எடை 78 கிலோ, உயரம் 152 செ.மீ. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை 6.0. அது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி என்றார். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. எனக்கு 58 வயதில் வந்த சர்க்கரையின் வாசற்படியில் அவன் 13 வயதில் வந்து நிற்கிறான்.

"ஒரு மாதமாக என்னென்ன சாப்பிட்டான் என்று ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். மகள் இட்லி, தோசை, சாதம், சாம்பார் என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கிட்டு, "எழுதியே இருக்கு டாக்டர், நாளைக்குக் கொண்டு வரேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அன்றிரவு ஜூலை மாதப் பக்கத்தைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளில் பிரித்து எழுதினேன். பள்ளி நாட்கள் 22. ஒவ்வொரு நாளும் முட்டை பஃப்ஸ் 25 ரூபாய், குளிர்பானம் 20 ரூபாய், சிப்ஸ் பாக்கெட் 10 ரூபாய். ஆக 55. மாதத்துக்கு 1,210. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், செல்போனில் சொல்லி வரவழைத்த பிரியாணியோ வறுத்த கோழியோ, தடவைக்கு 450 வீதம் 1,800. மொத்தம் 3,010 ரூபாய். அத்தனையும் என் பென்ஷனிலிருந்து. அத்தனையும் என் கையெழுத்தில். 37 வருடம் அரசாங்கக் கோப்புகளில் எத்தனையோ பேருடைய தவறுகளைச் சிவப்பு மையில் சுட்டிக்காட்டியவன் நான். இந்தத் தாளில் வேறு யாருடைய பெயரும் இல்லை.

பள்ளிவிட்டு வரும் வழியில் அந்த பேக்கரியில் இருவரும் உட்காருவோம். அவன் பஃப்ஸின் மேல் அடுக்கைத் தனியாகப் பிய்த்துத் தின்பான். எனக்குச் சர்க்கரை இல்லாத டீ. அவன் பள்ளிக் கதைகள் சொல்லுவான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா" என்பான். சொல்ல மாட்டேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ரகசியம். தின்பண்டம் வாங்கிக் கொடுப்பதாக நான் நினைக்கவில்லை. துணைக்குத் துணை என்றுதான் நினைத்தேன்.

என் தலைமுறைக்காரர்களுக்கு இதில் ஒரு கோளாறு உண்டு. நாங்கள் ஒல்லிப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். புதுச்சேரியில் 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தது என்றால், பிள்ளைகளின் வயிறு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் படித்த பள்ளியில் எங்கள் வகுப்பில் ஒரே ஒரு பையன்தான் குண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ஆசிரியர் வைத்த பெயர் 'பூபூல்'. பிரான்சில் உருண்டையான பிள்ளைகளைக் கூப்பிடும் பெயர் அது. நாங்கள் சிரிப்போம். அவனும் சிரிப்பான். ஆனால் அவனைப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் உள்ளூரப் பொறாமை; அவன் வீட்டில் வெண்ணெய் உண்டே! குழந்தை என்றால் கொழுகொழுவென்று இருக்க வேண்டும், எலும்பு தெரிந்தால் பெற்றவர்களுக்கு அவமானம் என்ற நினைப்பு எங்கள் ரத்தத்தில் ஊறியது. பேரன் இரண்டாவது பஃப்ஸ் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம், என்றோ பசித்திருந்த அந்தப் பையனுக்கு வந்த சந்தோஷம்.

இப்போது உலகமே மாறிவிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று யுனிசெஃப் 2025 செப்டம்பரில் அறிவித்தது. 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் பருமன் 9.4 சதவீதம், எடைக் குறைவு 9.2 சதவீதம். வரலாற்றில் இதுதான் முதல் தடவையாம். பேரனிடம், "உன் க்ளாஸ்ல உன்னை மாதிரி எத்தனை பேருடா?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, "எட்டு ஒன்பது பேர் இருக்கோம் தாத்தா" என்றான்.

இனி ஊசி விஷயத்துக்கு வருகிறேன். மகளுடைய அலுவலகத் தோழி ஒருத்தி வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு ஐந்தே மாதத்தில் 12 கிலோ குறைத்துவிட்டாள். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வெகோவி என்று இரண்டு மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்ததைப் பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள். சாப்பிட்டதும் நம் குடலில் ஒரு ஹார்மோன் சுரந்து, 'போதும்' என்று மூளைக்குச் சொல்கிறது. இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும்படி செய்யப்பட்டவை இந்த ஊசிகள். மௌஞ்சாரோ வந்தபோது ஆரம்ப அளவு ஒரு குப்பி 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000. அடுத்த அளவுக்கு 17,500. "சீட்டுப் பணத்தை எடுத்தாவது போட்டுடலாம்பா" என்றாள் மகள். குரலில் பிடிவாதம் இல்லை; பயம்தான் இருந்தது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது வேறு ஒரு மருந்து. பிரெஞ்சுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. பிரான்சில் 'மெதியாத்தோர்' என்று ஒரு மாத்திரை 1976 முதல் 2009 வரை விற்பனையில் இருந்தது. சர்க்கரைக்கு என்று வந்த அதைப் பசியைக் குறைக்கவும் எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 50 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். அது இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்பதை வெளியே கொண்டுவரப் போராடியவர் பிரெஸ்த் நகரத்து நுரையீரல் டாக்டர் இரேன் ஃபிராஷோன். அவர் கதையை 2016-ல் திரைப்படமாகவே எடுத்தார்கள். 2021-ல் பாரிஸ் நீதிமன்றம் மருந்து நிறுவனத்தைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 33 வருடம் விற்ற பிறகு!

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்த மாத்திரை வேறு குடும்பம், இது வேறு குடும்பம் சார். அதை வைத்து இதைத் தள்ள வேண்டாம்" என்றார். அமெரிக்காவில் 2022 டிசம்பரிலேயே 12 வயது நிரம்பிய பருமனான பிள்ளைகளுக்கு செமாகுளூட்டைடை அனுமதித்துவிட்டார்கள் என்றும், அதற்கு முன் வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஆய்வில் 68 வாரத்தில் உடல் நிறை அளவு சராசரியாக 16 சதவீதம் குறைந்தது என்றும் விளக்கினார். சில பிள்ளைகளுக்கு அது தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு மறுபக்கத்தையும் சொன்னார். குமட்டல், வாந்தி வரலாம். பித்தப்பையில் கல் வரலாம். பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இங்கே இப்போது வந்திருப்பது பெரியவர்களுக்காக. "வளருகிற பையன். எடை குறையக்கூட வேண்டாம், இப்படியே நின்றால் போதும், உயரம் ஏற ஏறச் சரியாகும். ஆறு மாதம் வீட்டில் முயற்சி செய்யுங்கள். பிப்ரவரியில் திரும்பப் பார்த்து மருந்தைப் பற்றி முடிவெடுக்கலாம். எப்படியும் ஊசி போட்டாலும் சாப்பாட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்."

சாப்பாட்டை மாற்றுவது என்று சொல்வது சுலபம். பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்தால் தெரியும். கொய்யா கிலோ 100. ஆப்பிளைத் தொடவே யோசனை. பீன்ஸ் விலை வாரம் ஒன்று. மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வஞ்சிரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு மத்தியைக் கையில் வாங்கினேன். டாக்டர் அதுவே நல்லது என்றது ஆறுதல்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். ஒருநாள் பாக்கெட் தின்பண்டத்தின் கெடுதலைப் பற்றி அவரிடம் நான் பிரசங்கம் செய்தேன். அவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "ஐயா, பத்து ரூபாய்க்கு ஒரு கொய்யா வருது. அதை மூணு பேருக்கு நறுக்கினா சண்டைதான். அஞ்சு ரூபா பாக்கெட்டு மூணு வாங்கினா ஆளுக்கு ஒண்ணு, சத்தம் இல்லாம தின்னுடுங்க" என்றார். என் பிரசங்கம் அதோடு முடிந்தது.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில்தான் மொத்தப் பொருளாதாரமும் இருக்கிறது. மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் மலிவு. மூன்றும் மாதக்கணக்கில் கெடாது. பாக்கெட் கடையில் தொங்கிக்கொண்டே இருக்கும். கொய்யா மூன்றாம் நாள் அழுகும்; அழுகப்போகிற பழத்தின் விலையையும் வியாபாரி நல்ல பழத்தின் தலையில்தான் வைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நல்லவேளையாக குளிர்பானம் மட்டும் 40 சதவீதத்தில் நிற்கிறது. அந்த 20 ரூபாய் பாட்டிலில், 250 மில்லிக்கு, சர்க்கரை மட்டும் சுமார் 26 கிராம். ஐந்தாறு டீஸ்பூன். என் டீயில் ஒரு டீஸ்பூன் போடப் பயப்படும் நான் அதை மாதம் 22 தடவை அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பிரான்சில் பள்ளிகளுக்குள் தின்பண்ட இயந்திரங்களை 2005-லேயே தடை செய்தார்கள். நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. பழைய எழுத்தர் புத்தி விடவில்லை. ஒருநாள் காலடி வைத்து எண்ணினேன். நாங்கள் உட்காரும் பேக்கரி என் நடைக்கு 38 அடி. விதியை மீறி விற்றது கடைக்காரர் என்றால், வாங்கியது யார்?

ஆனால் விலையைவிடப் பெரிய செலவு ஒன்று இருப்பதை மார்க்கெட் பையை வீட்டில் கொட்டிய பிறகுதான் புரிந்துகொண்டேன். கீரையை ஆய வேண்டும். பயறு ஊற வேண்டும். மத்தியைச் சுத்தம் செய்ய வேண்டும். என் மனைவி இருந்தபோது இதெல்லாம் தானாக நடப்பது போல் இருந்தது. அவள் அதில் செலவழித்த நேரத்தை என் நோட்டில் நான் ஒரு நாளும் எழுதியதில்லை. அவள் போனதும் அந்த நேரம் வீட்டிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தைத்தான் பஃப்ஸும் செல்போன் பிரியாணியும் பிடித்துக்கொண்டன. மகள் இரவு எட்டு மணிக்குக் கீரை ஆய முடியுமா? அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

நேரம் இருக்கிற ஒரே ஆள் நான்தான். 74 வயதில் கீரை ஆயக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் முளைக்கீரைக்கு 40 நிமிடம் ஆனது. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, தண்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களே!" என்றாள். இப்போது 20 நிமிடம். சுண்டலுக்கு முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும் என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் தீபாவளி வந்தது. வீடு நிறைய உறவினர்கள். பேரன் தட்டில் இரண்டாவது அதிரசத்தை எடுத்தபோது எல்லோர் முன்னாலும் நான், "போதும்டா, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டேன். அவன் அதிரசத்தைத் திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். யாரோ சிரித்தார்கள். மறுநாள் அவன் மெத்தையை உதறும்போது அடியில் ஏழெட்டு சாக்லேட் காகிதங்கள், இரண்டு சிப்ஸ் பாக்கெட்டுகள். மகளிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவனிடம் காகிதங்களை நீட்டாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவனாகவே கேட்டான்: "தாத்தா, நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க? இப்ப நான் மட்டும் தப்பு பண்ணின மாதிரி ஏன் எல்லாரும் பாக்கறீங்க?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோட்டை எடுத்து வந்து ஜூலைப் பக்கத்தைக் காட்டினேன். "இது என் கணக்குடா, உன் கணக்கு இல்ல" என்றேன். அவன் கூட்டிப் பார்த்தான். "மூவாயிரத்துப் பத்தா?" என்று வியந்தான். "இதுல ஒரு கிரிக்கெட் பேட் வந்திருக்குமே தாத்தா!" அன்றைக்கு எங்கள் வீட்டில் முதல் தடவையாக அந்த விஷயத்தைச் சொல்லிச் சிரித்தோம். பள்ளியில் எடை பார்த்தபோது எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள் என்பதையும், அன்றிலிருந்துதான் விளையாட்டு வகுப்புக்கு வயிற்றுவலி வருகிறது என்பதையும் அன்றுதான் சொன்னான். 'பூபூல்' சிரித்ததும் இப்படித்தானா என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நவம்பர் கணக்கை எழுதி முடித்துவிட்டேன். பழம் 1,400. காய், கீரைக்குக் கூடுதலாக 900. முட்டை 600. மீன் 1,300. பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு 500. ஆக 4,700. ஜூலையைவிட 1,690 அதிகம். ஆனால் ஜூலையில் தின்றது அவன் ஒருவன். இதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறோம். பென்ஷன் வருகிற எனக்கு இது முடிகிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு முடியாது. கொய்யா வாங்கும் நாளில் அவர் வீட்டுக்கும் மூன்று எடுத்துக் கொடுக்கிறேன். அது தீர்வு இல்லை என்று எனக்கும் தெரியும்.

மாலை நாலு மணி இப்போதும் எங்களுடையதுதான். மழை இல்லாத நாட்களில் வீட்டில் சுண்டல் தின்றுவிட்டு, ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்தியதும் கடற்கரைச் சாலையில் நடக்கிறோம். காந்தி சிலை வரை நான். அதற்கு மேல் அவன் மட்டும் ஓடிப்போய்த் திரும்புவான். மாதத்தில் இரண்டு தடவை பேக்கரி உண்டு. அதை மகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். எடை 78-லிருந்து 77 ஆகியிருக்கிறது. உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. கழுத்துக் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது; யாரும் அதைத் தேய்ப்பதில்லை. பிப்ரவரியில் டாக்டர் ஊசி வேண்டும் என்று சொன்னால் போடுவோம். அப்போது அவன் தோற்றுவிட்டான் என்று யாரும் சொல்ல நான் விட மாட்டேன்.

நோட்டில் டிசம்பரிலிருந்து மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன். தலைப்பு 'நேரம்'. இன்று அதில் எழுதியது: முருங்கைக்கீரை, 25 நிமிடம். உருவிக் கொடுத்தது பேரன்.